பாடிப் போகிறவளைப் பார்த்தல்

நம்மிடையே கண்ணியம் என்பது பெரும்பாலும் பார்க்காமலிருப்பதன் பெயர். எதிரே பெண் வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறவன் நல்லவன். நிமிர்ந்து பார்ப்பவன் பொறுக்கி. இவ்விரண்டுக்கும் வெளியே ஒரு பார்வை சாத்தியம் என்று நம் ஒழுக்கம் யோசித்ததாகத் தெரியவில்லை. சினிமா இந்த ஏற்பாட்டைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்திக்கொண்டது. தெருவில் குனிந்த தலைக்குக் கொட்டகை இருட்டில் நஷ்டஈடு தந்தது. பெண்கள் கபடி பார்க்கப் போகிறவன் இந்த இரண்டு சௌகரியங்களையும் இழந்துவிடுகிறான். குனிந்துகொண்டு ஆட்டம் பார்க்க முடியாது. கொட்டகையில் பார்ப்பதுபோலப் பார்த்தால் ஆட்டம் தெரியாது.

பொங்கலிலிருந்து கோடை நோன்புகள் முடியும்வரை சேலம், நாமக்கல் சமவெளியில் மின்னொளிக் கபடிக்குக் குறைவில்லை. பெரும்பாலும் ஆண்கள் ஆட்டம். சில ஊர்களில் பெண்கள் பிரிவும் உண்டு. தண்ணீர் தெளித்து அமுக்கிய செம்மண், சுண்ணாம்புக் கோடு, மூலைகளில் விளக்குக் கம்பம், மூச்சு விடாத ஒலிபெருக்கி. நாமக்கல் பக்கமென்றால் ஓரமாக நிறுத்திய லாரியின் மேற்புறம்தான் காலரி. முன்வரிசை ஆண்களுடையது. ஊர்ப் பெண்கள் பின்னால் சுவரோரம், எந்த நிமிஷமும் வீட்டுக்குக் கிளம்பத் தயாரானவர்கள்போல நின்றபடியே பார்க்கிறார்கள். வெளிச்சம் முழுதும் களத்தின் மேல். பார்க்கிறவர்கள் எல்லோரும் இருட்டில்.

1943இல் வெளிவந்த தத்துவ நூலில் சார்த்தர் சாவித்துவாரத்தில் கண் வைத்திருக்கும் ஒருவனைப் பற்றிப் பேசுகிறார். பின்னால் காலடி ஓசை கேட்கும்வரை அவனுக்குத் தன்னைப் பற்றிய பிரக்ஞையே இல்லை. கேட்டதும், தான் பார்க்கப்படுகிறோம் என்ற வெட்கம் அவனைப் பிடித்துக்கொள்கிறது. மைதான இருட்டில் அந்தக் காலடி ஓசை வராது. ஐந்நூறு பேர் ஒரே துவாரத்தில் கண் வைத்திருக்கும்போது யார் யாருக்காக வெட்கப்படுவது? ஆகவே இங்கே பார்வைக்குக் கட்டுப்பாடு வெளியிலிருந்து வருவதற்கில்லை. ஆட்டத்திலிருந்துதான் வரவேண்டும்.

எப்படி வருகிறது? விதிகளைக் கவனிப்போம். தனியாக எதிரணிக்குள் நுழைவதை நம் பக்கத்தில் ‘பாடிப் போவது’ என்கிறார்கள். சடுகுடு என்று அழைக்கப்பட்ட நாளில் ஒரு மூச்சுதான் கணக்கு. இப்போது 30 நொடி. ஆனால் ‘கபடி’ என்ற சொல் இடைவிடாமல், நடுவர் காதில் விழும்படி ஒலிக்கவேண்டும் என்ற விதி மாறவில்லை. ஓசை நின்றால் திருப்பி அனுப்பிவிடலாம். குரலை அடக்கு என்று சொல்லியே வளர்க்கப்பட்ட ஒருத்தி, நள்ளிரவில் ஊர் நடுவே, குரல் கேட்டால்தான் உள்ளே இருக்க உரிமை என்கிற இடத்தில் நிற்கிறாள். இதைக் குறியீடாக்கிப் பரவசப்படுவதில் எனக்கு நாட்டமில்லை. அவளுக்கு அது மூச்சு சம்பந்தப்பட்ட பிரச்னை.

அடுத்தது தொடுதல். யார் யாரைத் தொடலாம் என்பதையே சமூக ஒழுங்காக வைத்திருக்கும் ஊரில், ஆட்டம் முழுதும் தொடுவதைப் பற்றியது. பெண்களுக்கான களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். இரு பக்கமும் ஓரத்தில் 1 மீட்டர் அகலப் பட்டை உண்டு. யாரும் யாரையும் தொடாதவரை அது வெளி; அதில் கால் வைத்தவள் ஆட்டமிழந்தாள். தொட்டுவிட்டால், பிடி விழுந்துவிட்டால், அந்த இடமும் களத்தோடு சேர்ந்துகொள்கிறது. தொடுகை இடத்தின் பொருளையே மாற்றிவிடுகிறது. இது தெரியாதவனுக்கு ஓரத்தில் நடக்கும் போராட்டம் நான்கைந்து உடல்களின் புரளல் மட்டுமே. தெரிந்தவன், பிடிபட்டவளின் ஒரு விரல் நடுக்கோட்டை எட்டுகிறதா என்றுதான் பார்க்கிறான். அவன் கண்ணுக்கு அந்த நேரத்தில் வேறு எதற்கும் அவகாசமில்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான்: களத்திலிருக்கும் பெண்ணுக்குப் பார்வையாளன் காட்டக்கூடிய மரியாதை பார்வையை விலக்குவதில் இல்லை, பார்க்கக் கற்றுக்கொள்வதில் இருக்கிறது. எதிரணியில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளி. ஆகவே அவர்கள் பின்வாங்குவது பயத்தினால் அல்ல, தூண்டிலாக. ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் போனஸ் கோடு புள்ளி தரும். ஆறாமவள் வெளியேறியதும் பாடிப் போகிறவளின் நடையே மாறிவிடுகிறது. மூலையில் நிற்பவள் கண் பாடுகிறவளின் முகத்தில் இல்லை, கணுக்காலில் இருக்கிறது. இவையெல்லாம் தெரியத் தெரிய, ‘பெண்’ என்ற பொதுப்பெயர் கரைந்து, இடது மூலைக்காரி, அவசரப்படுகிறவள், மூச்சு நீளம் உள்ளவள் என்று தனித்தனி ஆட்கள் தெரிய ஆரம்பிக்கிறார்கள்.

இதற்கு ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. பந்தயம் கட்டுகிறவனுக்கு இவ்வளவும் தெரியும். நம்மைவிட நன்றாகவே தெரியும். அவன் கண் களத்தைவிட்டு நகர்வதில்லை. அவன் பார்வை மரியாதையான பார்வையா? அறிவு மட்டும் போதாது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். என்னால் காணமுடிகிற வித்தியாசம் சிறியது: எதிரணியின் ஒரு நல்ல பிடியைக் கண்டு அவன் சந்தோஷப்பட முடியாது. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்களை ஈரான் 27-24 என்று வென்றது. ஈரானின் பயிற்சியாளர் சைலஜா ஜெயின், நாசிக்காரர். கால்பந்து மைதானங்களின் கதவு பல பத்தாண்டுகளாகப் பெண் பார்வையாளர்களுக்கு அடைக்கப்பட்டு, 2019இல்தான் அதுவும் கொஞ்சமாகத் திறந்த தேசத்திலிருந்து வந்தவர்கள் அந்தப் பெண்கள். தலையிலிருந்து கணுக்கால்வரை மூடிய உடை. பிடியில் ஒரு குறையும் இல்லை. அந்த ஆட்டத்தில் தேசத்துக்காக மட்டும் துக்கப்பட்டவர்கள் பாதி ஆட்டத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

பாராட்டிலும் ஒரு குருட்டுத்தனம் இருக்கிறது. ‘பெண்களாக இருந்தும் ஆண்களுக்கு நிகராக’ என்று ஒலிபெருக்கி ஆரம்பித்தவுடனேயே நடந்த பிடி மறைந்துபோகிறது. ஆண்கள் கபடி 1990இல் ஆசியப் போட்டிக்குள் வந்தது. பெண்கள் கபடி 2010வரை, இருபது வருஷம் காத்திருந்தது. 2023இல் ஹாங்சௌவில் சீன தைபேயை வென்றது 26-25, ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி எங்கே எப்படி விழுந்தது என்று எத்தனை பேர் எழுதினார்கள்? 2025இல் சென்னைக் கண்ணகி நகரிலிருந்து போன பெண் ஆசிய இளையோர் போட்டித் தங்கத்தோடு திரும்பியபோதும் அவள் குடியிருப்பின் வறுமையைப் பற்றிப் படித்தோம். அவள் எப்படிப் பாடிப் போகிறாள் என்று சொன்னவர்கள் குறைவு. இரக்கம் பார்வையைவிடச் சுலபமானது. அதே வருஷம் ஜனவரியில், பஞ்சாபின் பதிண்டாவில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்குப் போன தமிழ்நாட்டுப் பெண்கள் தாக்கப்பட்டார்கள்; நம் சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகத்து அணியும் அங்கே போயிருந்தது. கபடியே பார்த்திராதவர்கள் எல்லோரும் அந்தக் காணொளியைப் பார்த்தார்கள். அந்தப் பெண்கள் எந்த ஆட்டத்தில் என்ன புள்ளியில் இருந்தார்கள் என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை. அடிபடும்போதுதான் அவர்கள் நம் கண்ணுக்குத் தட்டுப்பட்டார்கள்.

சுவரோரப் பெண்களிடம் இந்தச் சிக்கல் குறைவு என்பது என் அபிப்பிராயம். அவர்களில் பலருக்கு விதி தெரியாது. ஆனால் விசைத்தறி ஓட்டியும் கோழிப்பண்ணையில் தீவன மூட்டை தூக்கியும் பழகிய கைகள். ஒரு பிடி எந்த இடத்தில் நிற்கும், எங்கே நழுவும் என்பது அவர்கள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. முன்வரிசை ஆண்கள் பேரைச் சொல்லிக் கத்தும்போது, பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல், “காலு காலு, உட்றாத கண்ணு” என்று வரும். எந்த அணிக்குச் சொல்கிறாள் என்பது அவளுக்கே நிச்சயமில்லை. பிடித்தவள் அடுத்த முறை பாடப்போகையில் அவளுக்கும் இதே குரல் உண்டு.

ஆட்டம் முடிந்து கேடயம் கொடுக்கும்போது இந்தப் பெண்கள் அங்கே இருப்பதில்லை. விடிந்தால் தறிக்குப் போகவேண்டும். ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் முட்டியில் ஒட்டிய செம்மண்ணைக் குழாயடியில் கழுவிக்கொண்டு, முதல் பஸ்ஸுக்கு நேரமிருப்பதால் மேடைக்குப் பின்னால் பையைத் தலைக்கு வைத்துப் படுக்கிறார்கள். கம்பத்து விளக்கை அணைத்துவிடச் சொல்லிக் கேட்பதும் அவர்கள்தான்.