மேட்டு வீடும் பள்ள வீடும்

பிறவுயிர்க்குத் தீங்கு எண்ணாதிருத்தல் ஒன்றே கொல்லாமைக்குப் போதுமா? ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நாம் பாடம் நடத்திய நாள்களில் இவ்வினா ஏட்டளவில் நின்றது. இன்று அது சென்னை மாநகரின் வாசற்படிகளில் வந்து நிற்கிறது.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் மூழ்கின. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பர் அறிவியலார். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டமும் 20 செ.மீ. உயர்ந்துள்ளது. புயற்காலத்தில் கடல் பொங்கி நிற்க, ஆற்றுநீர் முகத்துவாரத்தில் தயங்குகிறது. அதனை வாங்கிவைக்க வேண்டிய சதுப்பு நிலத்திலோ வீடுகளும் குப்பை மேடும்!

இதற்கு மக்கள் கண்ட வழி, சுவர்களின் அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்து வீட்டையே சில அடி உயர்த்துவது. வியக்கத்தக்க தொழில்தான். ஆனால் உயர்ந்த வீட்டார் தம் முற்றத்தையும் மண்ணிட்டு மேடாக்கிச் சிமெண்டு பூசுகின்றனர். அங்கே தேங்கிய நீர் அடுத்த வீட்டுக்குப் போகிறது. அவ்வீட்டில் இருப்பவர் வாடகைக் குடியினர். அல்லது உயர்த்தப் பொருளில்லாத முதியோர். சாலையும் அப்படியே. பழையதன்மேல் புதியதாகப் போட்டுப்போட்டு வீடுகளைப் பள்ளமாக்கியதால், பழைய தளத்தைச் சுரண்டிய பின்பே புதுச்சாலை இடவேண்டும் என்று 2021இல் அரசே ஆணையிட நேர்ந்தது.

இவர்களில் எவர்க்கும் பகையில்லை. ஆயினும் விழிப்பின்மையால் விளையும் கேடும் இம்சையே என்பது நம் ஆசாரியர் கொள்கை. வீட்டை உயர்த்தியதை நாம் குற்றம் என்னோம். இல்லறத்தார் தம் மக்களைக் காத்தல் கடனே. நீர் போக வழியும், மண் குடிக்க இடமும் விடாததே குற்றம். முற்றத்தில் நான்கு முழம் வெறுமண் விடுவதற்கு என்ன செலவாகும்?

கடல் காணாத நம் அம்மையார்குப்பத்தார்க்கு இதில் என்ன என்பீர்கள். பள்ளிப்பட்டுப் பக்கம் பெய்யும் மழை கொசஸ்தலை ஆற்றின் வழியே பூண்டி ஏரிக்கும், பின் எண்ணூர்க் கடலுக்கும் செல்கிறது. 2021 நவம்பரில் பூண்டியில் திறந்த நீர் மணலி புதுநகரைச் சூழ்ந்தது. நம் பக்கத்து ஏரிகள் தூர்ந்து கிடந்தால், அங்கே வீடுபுகும் நீரில் நமக்கும் பங்கு உண்டா, இல்லையா? அன்பர்கள் தம் கருத்தை எழுதியனுப்பலாம்.