பாரம்

மதுரைத் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கும் பெண்களிடம் ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஓர் இடத்தில் வந்து நிற்பார்கள்: "யாருக்கும் பாரமா இருக்காம, கை கால் ஓடும்போதே போய்ச் சேர்ந்திடணும்." ஐம்பத்தாறு வயதில் நானும் அதையே சொல்லிக்கொண்டுதான் சேலைக்குக் கீழே ஷூ மாட்டி நடக்கத் தொடங்கினேன். உடன் நடக்கும் ஆண்கள் டாக்டர் சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

என் அம்மாவும் தினமும் இதைச் சொன்னவள். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவளுக்குப் பக்கவாதம் வந்து, இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தாள். துணி மாற்றும்போதெல்லாம், "உனக்குத் தொந்தரவா இருக்கேன்ல" என்பாள். மாமியாருக்கும், பிறகு நாத்தனாருக்கும் இதே வேலையை முகம் சுளிக்காமல் செய்தவள், தனக்கு அது நடக்கும்போது தப்பு செய்துவிட்டவளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு அது பாரமாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்மேல் அல்ல, அம்மாமேல். அதை நினைத்து வெட்கப்படவே சில வருடங்கள் ஆயின. இரண்டு பேர் பிடித்திருந்தால் அந்த உடம்பு அவ்வளவு கனத்திருக்காது.

பிறருக்குப் பாரமாகாமல் இருப்பது ஒரு கடமை என்றால், படுத்துவிட்டவர்கள் எல்லாம் கடமை தவறியவர்களா? நடந்தவர்களுக்கும் நோய் வருகிறது. இந்தச் சொல்லை நான் எனக்காகச் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அம்மாவை மறுபடி மன்னிப்புக் கேட்க வைக்கிறேன் என்று தோன்றியது. அதோடு, மிக்சி பழுதாகாமல் பார்த்துக்கொள்வதுபோல் என் உடம்பையும் வீட்டுக்காகவே பராமரிக்கிறேனோ என்றும்.

"வீட்டு வேலையே போதுமே, தனியா எதுக்கு எக்சர்சைஸ்?" என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் மிதமான உடலுழைப்போ வாரத்துக்கு மொத்தமே குறைந்தது 150 நிமிடம். ஒரு நாள் வீட்டு வேலையில் பாதி. அந்தப் பாதியை எடுத்துக்கொள்ளத்தான் நமக்கு இத்தனை காரணம் தேவைப்படுகிறது! வீட்டு வேலையில் உடம்பு அசைகிறது, மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தசைக்கு எவ்வளவு வேலை என்பதை அங்கே நாம் முடிவுசெய்வதில்லை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வேகமாகத் தேய்கிறது. தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும் என்கிறார்கள். நான் சாப்பாட்டு மேசை நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுகிறேன். முதல் வாரம் நான்குக்கு மேல் முடியவில்லை.

இப்போது காரணத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன். அழகர்மலையில் ராக்காயி கோயில்வரை நடந்தே ஏற வேண்டும். நூபுர கங்கையில் தலை நனைய நிற்க வேண்டும். இதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

போன மாதம் முழங்கால் வீங்கி மூன்று நாள் படுத்திருந்தேன். மகன் காப்பி போட்டுக் கொண்டுவந்தான். "உனக்குத் தொந்தரவு" என்று வாய் தானாகவே சொல்லிவிட்டது. அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. மறுநாளும் கொண்டுவந்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, டிகாஷன் போதவில்லை என்றேன்.