வருத்தாத நோயும் மனிதனின் கடமையும்

நோவு என்பது உடல் மனத்துக்கு அனுப்பும் தூது. முள் தைத்த கால் நோகாதிருக்குமாயின், முள்ளைக் களைய வேண்டுமென்ற எண்ணமே எமக்குத் தோன்றாது. ஆனால் அத்தூதினை அனுப்பாமலே உடலைச் சிதைக்கும் நோய்களும் உள. உயர் குருதியமுக்கம் அவற்றுள் ஒன்று. தன்னை வருத்தாத நோய்க்கு மருந்துண்ணாது விட்டவன் குற்றவாளியா என்ற வினாவினையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இதயம் சுருங்கும்போதும் தளரும்போதும் குருதி நாடிச் சுவரின்மீது செலுத்தும் அமுக்கத்தையே இரு எண்களாற் குறிக்கின்றனர். வெவ்வேறு இரு நாட்களில் அளக்கும்போது மேல் எண் 140ஐயோ கீழ் எண் 90ஐயோ எட்டுமாயின், அதனை உயர் குருதியமுக்கம் என உலக சுகாதார நிறுவனம் கொள்கின்றது. பெரும்பாலானோரிடத்து இதற்குத் தனியொரு காரணத்தைச் சுட்ட முடிவதில்லை. முதுமை, பரம்பரை, மிகையான உப்பு, உடற்பருமன், மது, உடலுழைப்பின்மை என்பன சேர்ந்தே அதனை வளர்க்கின்றன. ஆண்டுக்கணக்காக அறிகுறி எதுவுமின்றி நாடிச் சுவர்களைத் தடிக்கச் செய்து, ஈற்றில் மூளையையோ இதயத்தையோ சிறுநீரகத்தையோ அது தாக்குகின்றது.

எனது பெரியதந்தையாருக்கு இந்நோய் இருப்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. சில மாதங்கள் குளிசை உட்கொண்ட அவர், “எனக்கு ஒரு வருத்தமுமில்லை, பிறகேன் மருந்து?” என்று கூறி அதனை நிறுத்திவிட்டார். ஒருநாட் காலை பாரிசவாதம் அவரது வலக்கையையும் பேச்சையும் பறித்துக்கொண்டது. படுக்கையைச் சூழ்ந்து நின்றோருட் சிலர் விதி என்றனர். சிலர் அவரது கவலையீனம் என்றனர். இவ்விரு விடைகளும் எனக்கு நிறைவளிக்கவில்லை.

விதி என்போர்க்கு மருத்துவ வரலாறே மறுமொழி கூறும். அமெரிக்க சனாதிபதி ரூஸ்வெல்ற் 1945 ஏப்பிரல் 12 இல் மூளைக் குருதிப்பெருக்கினால் இறந்தார். அவரது குருதியமுக்கம் 186/108 ஆக இருந்தமையை 1944 இலேயே வைத்தியர் கண்டிருந்தனர். எனினும் அதனை அடக்கவல்ல நல்ல மருந்து அந்நாளில் இருக்கவில்லை. 1967 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றே, கடுமையான நிலையிலுள்ளோரை மருந்து பெரிதும் காக்கும் என்பதை நிறுவியது. ஒரு வல்லரசின் தலைவருக்குக் கிட்டாத மருந்து இன்று எமது அரசாங்க மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கின்றது. தடுக்கக்கூடியதனை விதியெனல் தகாது.

கவலையீனம் என்ற குற்றச்சாட்டோ ஆழ்ந்து நோக்கத்தக்கது. நன்மையை உண்மையில் அறிந்தவன் அதற்கு மாறாக ஒழுகான் என்பது சோக்கிரட்டீசின் கொள்கை. அறிந்திருந்தும் மனவுறுதியின்மையால் மனிதன் தவறுவதுண்டு என்றார் அரிஸ்ரோட்டில். பெரியதந்தையார் அறியாதவருமல்லர், இச்சைக்கு அடிமைப்பட்டவருமல்லர். அவர்முன் இரு சாட்சிகள் நின்றன. மருத்துவ அட்டையில் எழுதப்பட்ட எண் ஒரு சாட்சி. நலமாயிருக்கின்றேன் எனக் கூறிய உடல் மற்றையது. அறுபது ஆண்டுகளாகப் பொய்யுரைக்காத உடலையே அவர் நம்பினார். அது தவறான தீர்ப்பே, ஆயினும் மூடத்தனமன்று.

அந்த எண்ணே மனிதர் வகுத்த எல்லைதானே என ஒருவர் வாதிடலாம். 2017 இல் அமெரிக்க மருத்துவர் அவ்வெல்லையை 130/80 எனக் குறைத்தபோது, முதல்நாள் நலமுடையோராயிருந்த பலர் மறுநாள் நோயாளராயினர். ஆனால் எல்லை வகுக்கப்பட்டதெனினும் ஆபத்து வகுக்கப்பட்டதன்று. அமுக்கம் ஏற ஏற அதுவும் படிப்படியாக ஏறுகின்றது. பரீட்சையில் ஒரு புள்ளியாற் சித்தி தவறியவனுக்கும் சித்தியடைந்தவனுக்கும் பெரிய வேறுபாடில்லை. அதனால் கல்வியும் கல்லாமையும் ஒன்றாகிவிடுமா?

எனவே அளவீட்டை நம்பி ஒழுகுதல் தனிமனிதனின் கடமையே. உப்பைக் குறைத்தலும், நாள்தோறும் நடத்தலும், புகையையும் மதுவையும் விடுதலும், வைத்தியரைக் கேளாது குளிசையை நிறுத்தாமையும் அக்கடமையின் கூறுகள். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் பெரும்பாலும் உண்ணும் அளவினையே பேசுகின்றது.

ஆனால் கடமை அவனோடு முடிந்துவிடுவதில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பை நாம் நாவால் அறிவோம். பாணிலும் பொதிசெய்த உணவிலும் கலந்துள்ளதை அறியோம். அதனைக் கலப்பவர் அறிவர். மருந்து இலவசமெனினும், அதனைப் பெறக் காத்திருக்கும் கூலித்தொழிலாளி அன்றைய கூலியை இழக்கின்றான். அட்டையில் எண்ணை எழுதியவர், அதன் பொருளை விளக்க ஐந்து நிமிடம் செலவிட்டாரா என்பதும் கேட்கத்தக்கதே. அறிவும் அதிகாரமும் எவரிடம் மிகுதியோ அவரிடமே பொறுப்பும் மிகுதியாகும்.

பெரியதந்தையாருக்கு இன்று சோறூட்டுபவர் பெரியதாயார். அவருக்கும் இதே நோய் உண்டு. ஒருவன் தன் உடலைத் தனக்கு மட்டும் உரியதென எண்ணுவது எத்துணைத் தவறு என்பதை அவ்வீட்டிலே நான் கற்றேன். வீழ்ந்தவரிடம் குற்றங்காண்பது எளிது. விடுமுறையில் வீடு செல்லும்போது, “குளிசை போட்டாச்சோ, பெரியம்மா?” என்று கேட்பதே நான் செய்யக்கூடியதும், செய்யவேண்டியதுமாகும்.