நன்றாக இருந்த வருடங்கள்

ராக்கி எரிக்சன் 2019 மே 31 அன்று டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில் இறந்துபோனார். 71 வயது. அஞ்சலி எழுதியவர்களில் பலருக்குத் தலைப்பு தேடுகிற வேலையே இருக்கவில்லை. அவருடைய புகழ்பெற்ற முதல் பாட்டின் பெயரே போதுமானதாக இருந்தது: ‘யூ ஆர் கோனா மிஸ் மீ’. நான் இல்லாமல் தவிக்கப்போகிறாய் பார் என்று காதலியிடம் தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு. பதின்வயதில் எழுதியது.

அன்று நானும் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். கண்ணில் பட்ட அஞ்சலிகளை எல்லாம் படித்தேன். ஒன்றிரண்டு படித்ததுமே ஏதோ உறுத்தியது. எல்லாவற்றிலும் 1966 இருந்தது. எல்.எஸ்.டி. இருந்தது, மனநோய் மருத்துவமனை இருந்தது, செவ்வாய் கிரகம் இருந்தது. கடைசி 14 வருடங்கள் மட்டும் ஒரு வரிக்குள் முடிந்திருந்தன: பிறகு உடல் தேறி மேடைக்குத் திரும்பினார். அவ்வளவுதான். குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. யாராவது ராக்கி எரிக்சன் யார் என்று கேட்டால் நானும் செவ்வாய் கிரகத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரோஜர் கைனார்ட் எரிக்சன். முதல் இரண்டு பெயர்களிலும் ஆங்கிலத்தில் முதல் இரண்டு எழுத்துகளை எடுத்து ஒட்டவைத்தால் ராக்கி. ஐந்து மகன்களில் மூத்தவர். அம்மா பாடகி, அப்பா கட்டடக் கலைஞர். 1965இல், பள்ளிப்படிப்பு முடிய ஒரு மாதம்தான் பாக்கி. முடியை வெட்டிக்கொண்டு வா என்றார்கள். முடியை வைத்துக்கொண்டு பள்ளியை விட்டுவிட்டார். அந்த வருடக் கடைசியில் 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழு உருவானது. அங்கே பல கட்டடங்களில் 12க்கு அடுத்து 14ஆம் மாடிதான். 13 ஆகாத எண். இல்லாத மாடிக்குப் போகிற லிஃப்ட் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். அதிலேயே பாதி விஷயம் புரிந்துவிடுகிறது.

அந்தக் குழுவில் டாமி ஹால் என்பவர் ஒரு பானை வாசித்தார். கடம் என்று நினைத்துவிட வேண்டாம், அவர் அதைத் தட்டவில்லை. பானையின் வாயில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதற்குள் குரல் கொடுப்பார். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு புறா குமுறுவதுபோல ஒரு சத்தம் பாட்டு முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தடவை கேட்கிறவர்கள் ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார்கள். அதற்கு மேலே ராக்கியின் குரல். பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு அலறல் வரும். ‘ஹை ஃபிடலிட்டி’ படம் அந்தப் பாட்டோடுதான் தொடங்குகிறது. நான் முதலில் கேட்டது அங்கேதான். படம் என்ன ஆயிற்று என்று கொஞ்ச நேரம் கவனிக்கவே இல்லை. 1966இல் அமெரிக்கத் தரவரிசையில் 55ஆம் இடம்வரை போன பாட்டு அது. அதே வருடக் கடைசியில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயரிலேயே ‘சைகடெலிக்’ இருந்தது. அந்தச் சொல்லை அட்டையில் தாங்கி வந்த முதல் சில ஆல்பங்களில் அது ஒன்று. சான்ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பும் முன் ஜானிஸ் ஜாப்ளின் இந்தக் குழுவில் சேரலாமா என்று யோசித்தார் என்பார்கள்.

எல்.எஸ்.டி. இவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. ஞானத்துக்கான வாசல் என்று ஹால் நம்பினார், மற்றவர்களையும் நம்பவைத்தார். அதைச் சாப்பிட்டுவிட்டு மேடையேறுவதே ஒரு விரதம்போல நடந்தது. 1968இல் சான் அன்டோனியோவில் நடந்த பொருட்காட்சிக் கச்சேரியில் ராக்கி புரியாத எதையோ பேச ஆரம்பித்தார். மனச்சிதைவு என்றார்கள் டாக்டர்கள். ஹூஸ்டனில் மின்னதிர்ச்சி சிகிச்சை கொடுத்தார்கள். போதைதான் நோயைக் கொண்டுவந்ததா, உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததை உசுப்பிவிட்டதா, யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த வருடம் ஆஸ்டினில் மவுண்ட் பானல் என்ற குன்றின் மேல் போலீஸ் பிடித்தபோது அவரிடம் இருந்தது ஒரே ஒரு கஞ்சா சிகரெட். பத்து வருடச் சிறை வரலாம் என்ற நிலை. புத்தி சரியில்லாதவர் என்று நீதிமன்றத்தில் வாதாடினால் தப்பிக்கலாம் என்று தோன்றியது. வாதாடினார்கள், சிறைக்குத் தப்பி மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்து திரும்பத் திரும்ப ஓடிப்போனார். கடைசியில் குற்றம் செய்த மனநோயாளிகளை வைக்கும் ரஸ்க் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். கொலை செய்தவர்கள் நடுவில் 1972 வரை இருந்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, அவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு இசைக்குழு வைத்தார். அவர் வெளியே வந்த அடுத்த வருடம், 1973இல், கொஞ்சம் கஞ்சா வைத்திருப்பதைச் சிறு குற்றமாக டெக்சாஸ் மாற்றிக்கொண்டது.

பிறகுதான் அந்தச் செவ்வாய் கிரகம். 1982இல் தன் உடம்புக்குள் செவ்வாய் கிரகவாசி ஒருவர் குடியிருப்பதாக ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் முத்திரையும் வாங்கினார். கேட்டதும் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் அந்தச் சிரிப்புக்காகத்தான் சொல்வேன். அரசாங்க முத்திரையோடு வேற்றுக்கிரகவாசி! ஆனால் அந்தப் பத்திரத்தை எழுதிய நாளில் அந்த மனிதர் எவ்வளவு பயந்திருப்பார் என்று நான் யோசித்ததில்லை. ஒரு ஆவணப்படம் பார்க்கும்வரை.

2005இல் வந்த படம் அது, அதற்கும் அதே பாட்டின் பெயர்தான். ஆஸ்டினுக்கு வெளியே அரசு மானியத்தில் கிடைத்த சின்ன வீடு. கொழுத்த, தாடி சடைபிடித்த, பற்கள் அழுகிப்போன ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அறையில் ரேடியோ, டிவி, இன்னும் சத்தம் போடக்கூடிய எதெது உண்டோ அத்தனையும் ஒரே நேரத்தில் முழுச் சத்தத்தில் அலறுகின்றன. அந்த இரைச்சலுக்கு நடுவில் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தூங்கப்போகிறார். தலைக்குள் கேட்கும் குரல்களை அமுக்க வெளியே அவ்வளவு சத்தம் வேண்டியிருந்தது.

அந்த ரேடியோக்களைப் பார்த்ததும் எனக்கு எங்கள் சித்தப்பா ஞாபகம் வந்தது. திருநெல்வேலி வீட்டில் பின்கட்டு அறை அவருடையது. டெல்லியிலிருந்து வரும் காலைச் செய்தியை அவர் டிரான்சிஸ்டரில் காதை ஒட்டிவைத்துக் கேட்பார். முடிந்ததும் விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் நாங்கள் போய்ச் சுற்றி உட்காருவோம். அந்தச் செய்தியின் உண்மையான அர்த்தத்தை அவர் விளக்குவார். வங்கக்கடலில் புயல் சின்னம் என்றால் அவரைத் தேடி ஒருவர் கிளம்பிவிட்டார் என்று பொருள். பாராளுமன்றம் ஒத்திவைப்பு என்றால் அந்த ஆள் பாதி வழியில் இறங்கிவிட்டார். எங்களுக்குச் சினிமாவைவிட அது பிடிக்கும். “சித்தப்பா, இன்னைக்கு அவன் எங்க வந்திருக்கான்?” என்று எடுத்துக்கொடுப்போம். அவர் கண்ணில் வருவது பயம் என்று தெரிகிற வயதில்லை. தெரிகிற வயது வந்த பிறகும் ஓரிரு கோடைகள் கேட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“அவன் அப்படித்தான், விடுங்க” என்பாள் ஆச்சி. அந்தச் சொல்லில் அவ்வளவு அன்பு இருந்தது. வேளாவேளைக்குச் சோறு போகும், வேட்டி துவைத்து மடித்துப் போகும். டாக்டர் மட்டும் வரவில்லை. ஒருமுறை வேறு ஊரில் எங்கோ கொண்டுபோய்க் கட்டிப்போட்டு அடித்து அனுப்பினார்களாம். ஆச்சி அதற்குப் பிறகு யாரையும் அவர் கிட்டே விடவில்லை.

ராக்கியின் அம்மாவும் அப்படியே. ரஸ்க் என்ன செய்தது என்று கண்ணால் பார்த்தவர். மருந்தின் மேல் நம்பிக்கை இல்லை. கடவுள்மேல் இருந்தது, தன் கைமேல் இருந்தது. அவரைக் கொடுமைக்காரியாகக் காட்டப் படத்துக்கு எத்தனையோ வாய்ப்பு, காட்டவில்லை. கடைசித் தம்பி சம்னர், பிட்ஸ்பர்க் சிம்ஃபனியில் டியூபா வாசித்தவர், அண்ணனைத் தன் பொறுப்பில் விடக்கோரி நீதிமன்றம் போனார். 2001இல் பொறுப்பு அவருக்கு வந்தது. ஒரு குடும்பம் நீதிபதி முன்னால் நின்று யாருக்கு இவர்மேல் அதிக அன்பு என்று வாதாடுவதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். தம்பி செய்ததுதான் சரி என்று நினைக்கிறேன். அழுகிய பல் வலிக்கும். அது எந்தச் சுதந்திரத்திலும் சேராது. ஆனால் அம்மாவின் பயம் மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பயத்தை உண்டாக்கியதே ஆஸ்பத்திரிதான்.

ரசிகர்களாகிய எங்கள் கட்சி மூன்றாவது. நாங்களும் ஆச்சியின் சொல்லைத்தான் சொன்னோம், வேறு காரணத்துக்காக. அப்படியே இருக்கட்டும், அப்போதுதான் பாட்டு வரும். பேயும் இரண்டு தலை நாயும் வேற்றுக்கிரக ஜந்துக்களுமாக எழுபதுகளில் அவர் எழுதிய பாட்டுகள் இருக்கின்றன. கிரீடன்ஸ் குழுவில் இருந்த ஸ்டூ குக் தயாரித்தவை. அவற்றை ஒரு பைத்தியத்தின் வாக்குமூலமாகக் கேட்பதில் ஒரு கிறக்கம் உண்டு. ஆனால் அந்த மனிதர் சின்ன வயதிலிருந்தே பேய்ப்படப் பைத்தியம், அவ்வளவு படம் பார்த்தவர். அந்தப் பாட்டுகளைக் கவனித்துக் கேட்டால் பல்லவி எங்கே திரும்ப வர வேண்டும், எந்தச் சொல்லை நீட்ட வேண்டும் என்று கணக்காகக் கட்டியது தெரியும். கொத்தனார் வேலை. குலைந்துபோன மனசு தானாகக் கொட்டியது அல்ல. குலைந்த நாட்களிலும் அந்தக் கை மட்டும் குலையாமல் இருந்தது. நோய்க்குப் புகழைக் கொடுத்து, உழைத்த கைக்குக் கூலியில்லாமல் விட்டுவிட்டோம். சித்தப்பாவின் புயல் சின்னத்திலும் எவ்வளவு நோய், பிள்ளைகளைக் கண்டதும் எவ்வளவு கதைசொல்லியின் உற்சாகம் என்று எனக்கு இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.

தம்பி அவரைப் பிட்ஸ்பர்குக்குக் கூட்டிப்போய் ஒரு வருடம்போல வைத்துக்கொண்டார். பல் டாக்டர், மனநல டாக்டர், வக்கீல், வரவேண்டிய பணத்தைக் கேட்டு வாங்க ஆள். எதிலும் அற்புதம் கிடையாது. அற்புதம் மாத்திரையில் இருந்தது என்றும் சொல்ல முடியாது, பிறகு அதையும் குறைத்துவிட்டார்கள். 2005 மார்ச்சில் ஆஸ்டினில் ஐஸ்கிரீம் விருந்து என்று பேர் வைத்து நடந்த கூட்டத்தில் மூன்று பாட்டுப் பாடினார். அந்த வருடமே பெரிய விழாவில் முழுக்கச்சேரி, இருபது வருடத்துக்குப் பிறகு. கார் ஓட்டினார், ஓட்டுப் போட்டார். 2010இல் ஒக்கர்வில் ரிவர் குழுவோடு ஒரு ஆல்பம் வந்தது. ரஸ்க் நாட்களில் பதிந்த கரகரத்த டேப் ஒன்றில் தொடங்கும். அதிலிருந்து 2010இன் குரலுக்கு வரும்போது, தடித்த, நிதானமான, கிழவனான குரல்.

முதலில் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அலறல் எங்கே என்று தேடினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டபோதுதான் நான் எதைத் தேடினேன் என்று உறைத்தது. 2015இல், எலிவேட்டர்ஸில் மிஞ்சியிருந்தவர்கள் ஆஸ்டினில் மறுபடி ஒன்றாக மேடையேறினார்கள், டாமி ஹாலும் பானையோடு வந்தார். அந்த விழாவுக்கே அவர்களுடைய பாட்டின் பெயர்தான். கிட்டார்க்காரர் ஸ்டேசி சதர்லாண்ட் மட்டும் இல்லை; 1978இலேயே சுடப்பட்டு இறந்துவிட்டார். ராக்கிக்கு அப்போது 67. பெரிதாக நகரவில்லை. பாடினார், முடித்தார், போனார்.

இதைக் கதையாகச் சொல்ல முடியவில்லை, அதுதான் சிக்கல். காரில் போய்வந்த ஒரு செவ்வாய்க்கிழமையை எந்த அஞ்சலியில் எழுதுவது? அன்று இரவு நன்றாகத் தூங்கினார் என்றா?

ஆச்சி இறந்து இரண்டு வருடம் கழித்து அத்தைதான் சித்தப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை ஒத்துக்கொள்ள ஏழெட்டு மாதம் பிடித்தது. உடம்பு போட்டது, கை லேசாக நடுங்கியது. டிரான்சிஸ்டர் பரண்மேல் ஏறியது. ரேஷன் கடைக்கு அவரே போய்வர ஆரம்பித்தார், வரிசையில் நின்று பழக்கமானவர்களோடு பேசினார். வீட்டில் சிலர் வருத்தப்பட்டார்கள், பழைய கலகலப்பு போய்விட்டது என்று. அந்தப் பொங்கலுக்குப் போயிருந்தபோது பின்கட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நானும் கேட்டுவிட்டேன், வாய் சும்மா இருக்கவில்லை.

“சித்தப்பா, அந்தப் புயல் சின்னம் கதை ஞாபகம் இருக்கா? இப்ப சொல்லுங்களேன்.”

அவர் கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்தார்.

“அதெல்லாம் இப்ப என்னத்துக்குலே. ரேஷன்ல பாமாயில் போட்டுட்டானான்னு ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வா.”

பையை எடுத்துக்கொண்டு போனேன். போட்டிருந்தார்கள்.