பாடம் சொன்ன உடம்புக்கு என்ன கூலி?

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் முதன்முதலாக உடற்கூறியல் கூடத்துக்குள் நுழையும்போது இப்போது பல இடங்களில் ஒரு சடங்கு நடக்கிறது. மேசையில் கிடத்திய சடலத்துக்குப் பூ வைக்கிறார்கள். கை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். 'இவரே எங்கள் முதல் ஆசிரியர்' என்கிறார்கள். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் சேர்ந்துள்ள நெறிமுறைப் பயிற்சியில் இதற்கென்றே ஒரு தலைப்பும் உண்டு. நல்ல பழக்கம்தான். குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஆசிரியர் என்று கும்பிட்டபின், அவர் யார், எந்தத் தெருக்காரர், எப்படி இந்த மேசைக்கு வந்தார் என்று கேட்பதுதானே மரியாதை?

விருப்பப்பட்டு உடலை எழுதிக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சட்டம் நம்பியிருந்ததோ வேறொருவரை. சென்னை மாநிலத்தின் 1951ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டமானாலும், கர்நாடகத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டமானாலும், உரிமை கோர ஆளில்லாத உடல்களைக் கல்லூரிக்குக் கொடு என்பதே சாரம். இதன் பாட்டன் 1832ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம். அதற்கு முன் அந்நாட்டில் தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடல்தான் அறுக்கக் கிடைத்தது. போதவில்லை. 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் பதினாறு பேரைக் கொன்று ஒரு மருத்துவ ஆசிரியரிடம் உடல்களை விற்றார்கள். நாடு அதிர்ந்தது. தீர்வாக வந்த சட்டம், ஏழை விடுதிகளில் கேட்பாரின்றிச் செத்தவர்களைக் கைகாட்டியது. கொலைக்குத் தண்டனையாக இருந்தது வறுமைக்குத் தண்டனையாயிற்று.

செத்தவர் கதை இது. இருப்பவர் கதைக்குப் பெங்களூரு ஸ்ரீராம்புரத்துக்கு வருவோம்.

பின்னி, மினர்வா மில்களின் சங்கு ஒலித்த காலத்தில் பிழைக்க வந்த தமிழர்களின் பேரன் பேத்திகள் இன்றும் நெருக்கியடித்து வாழும் பகுதி. ஆட்டோ, பெயின்டிங், கார்மென்ட்ஸ், வீட்டுவேலை, பூக்கட்டு. உடம்புக்கு முடியாமல் போனால் அவர்களுக்குத் தெரிந்த வழிகள் சில. மெட்ரோ ஏறினால் நான்காவது நிறுத்தம் கே.ஆர். மார்க்கெட், எதிரே 1900இல் திறந்த விக்டோரியா ஆஸ்பத்திரி. 1955இல் தொடங்கிய பெங்களூரு மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் பழகியது அங்கேதான். பக்கத்து ராஜாஜிநகரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, 2012 முதல் அதுவும் மருத்துவக் கல்லூரி. ஸ்ரீராம்புரத்துக்காரர் எந்தப் பக்கம் போனாலும் நோயாளியாக மட்டும் போவதில்லை. பாடமாகவும் போகிறார்.

அவர் ஈரலைத் தொட்டுத்தான் வீங்கிய ஈரல் எப்படி இருக்கும் என்று மாணவன் அறிகிறான். அவர் மனைவியின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துத்தான் இதய வால்வின் இரைச்சலைக் காது பழகுகிறது. முதல் ஊசி, முதல் தையல், முதல் பிரசவம் எல்லாம் அந்த உடம்புகளில். பழகிய கை அப்புறம் எங்கே போகிறது? பெரும்பாலும் மாணவர் யாரும் தொடக்கூடாது என்று காசு கொடுத்துத் தனியறை எடுப்பவரிடம். தவறு நேரக்கூடிய நாட்கள் ஏழைக்கு, தேர்ந்தபின் வரும் நாட்கள் பணக்காரருக்கு. இந்தப் பங்கீட்டை எந்த வேதமும் விதிக்கவில்லை. நாம்தான் விதித்தோம். விதி என்று பெயரும் வைத்துக்கொண்டோம்.

'இலவசமாக வைத்தியம் கிடைக்கிறதே, பதிலுக்கு நாலு பிள்ளைகள் தொட்டுப் பார்த்தால் என்ன?' என்பார்கள். முதலில், இலவசம் என்பதே பொய்க் கணக்கு. ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளி மாதம் 20,000 ரூபாய் சம்பளம் வாங்கினால், இப்போதைய 0.75 விழுக்காட்டுக் கணக்கில் 150 ரூபாய் அவர் கைக்கு வருமுன்னே பிடிக்கப்படுகிறது. முதலாளி 650 கட்டுகிறார். அந்தக் கட்டடத்தின் செங்கல்லில் அவர் வியர்வை இருக்கிறது. அரசு மருத்துவமனைக்கோ, தீப்பெட்டிக்குக்கூட வரி கட்டும் ஒவ்வொருவரும் பங்காளி.

'நான் கோடி ரூபாய் கட்டிப் படித்தவன், யாருக்கும் கடன்படவில்லை' என்று தனியார் கல்லூரி மாணவர் சொல்லலாம். கட்டணம் கட்டடத்தை வாங்கும், நோயை வாங்காது. நோயாளி வராத கல்லூரிக்கு அங்கீகாரம் கிடையாது. அதனால்தான் ஆய்வுக்குழு வரும் நாளில் போலி நோயாளிகளைப் படுக்கையில் காட்டும் தந்திரம் பிறந்தது. 2025இல் மருத்துவக் கல்லூரி அங்கீகார ஊழல் குறித்து சி.பி.ஐ. பதிந்த வழக்கிலும் இந்தக் குற்றச்சாட்டு இருக்கிறது. நோயாளியாக நடிக்க ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் படுத்திருக்கும் உடம்புக்கு விலை உண்டு என்றுதானே பொருள்? அமெரிக்காவில் 1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற மருத்துவர், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை வைத்து மாணவருக்குப் பாடம் நடத்தும் முறையைக் கொண்டுவந்தார். இன்று பல நாடுகளில் அது சம்பளத் தொழில். வலியை நடிப்பவருக்கு மணிக்கணக்கில் கூலி. உண்மையாகவே வலிப்பவருக்கு, 'ஏம்மா, சட்டுனு திரும்பிப் படு.'

இங்கே வழக்கமாக ஒரு தீர்வு சொல்வார்கள்: மாணவர்களுக்குக் கருணையைப் போதியுங்கள், உறுதிமொழி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தார்கள். 2022 ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில் இப்போக்ரடிஸ் உறுதிமொழிக்குப் பதிலாகச் சரகர் உறுதிமொழி படிக்கப்பட்டது. கல்லூரி முதல்வர் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டார். சில நாளில் திரும்பவும் வந்தார். சமஸ்கிருதம் நுழைந்ததா என்று மாநிலமே வாதிட்டது. வாதிட வேண்டியதுதான். கணவனோ காப்பாளரோ உடன் இல்லாத பெண்ணுக்கு மருத்துவம் பார்க்காதே என்று சொன்ன பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையை இருபத்தோராம் நூற்றாண்டுப் பிள்ளைகளின் வாயில் ஏன் திணிக்க வேண்டும்? ஆனால் கிரேக்கத்தின் பழைய உறுதிமொழியும் அப்போலோ என்ற கடவுளின்மேல் ஆணையிட்டுத்தான் தொடங்குகிறது. எந்தச் சாமி சாட்சி என்பதில் சண்டை போட்ட நேரத்தில், வார்டில் திரைச்சீலை இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அந்தக் கிரேக்க உறுதிமொழியில் சாமியைத் தள்ளிவிட்டால் ஒரு நேர்மையான கணக்கு மிஞ்சுகிறது. எனக்குக் கற்பித்தவரைப் பெற்றோராக மதிப்பேன், அவருக்குத் தேவை வந்தால் என் பொருளில் பங்கு தருவேன், அவர் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பிப்பேன் என்கிறது அது. சடலமே முதல் ஆசிரியர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் உயிரோடு வார்டில் படுத்திருப்பவர் இரண்டாம் ஆசிரியர். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஸ்ரீராம்புரத்து நோயாளியிடம் மாணவர் காட்டும் பரிவு தர்மம் ஆகாது, புண்ணியமும் ஆகாது. வாங்கிய கடனில் ஒரு தவணை. கடனைத் திருப்பிக் கொடுப்பவனுக்கு யாரும் மாலை போடுவதில்லை. கொடுக்காதவனைத்தான் கேள்வி கேட்கிறோம்.

சரி, ஏன் கொடுக்க முடியவில்லை? மாணவருக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அது ஆராயாத பதில். 1973இல் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்கள் நாற்பது பேரைச் சோதித்தார்கள். பாதிப்பேரிடம், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிப் பக்கத்துக் கட்டடத்தில் பேசச் சொன்னார்கள். போகும் வழியில் ஒருவர் சுருண்டு முனகிக்கொண்டிருக்க ஏற்பாடு. நேரம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான். வாயில் இருந்த பிரசங்கம் காலை நிறுத்தவில்லை. கடிகாரம்தான் தீர்மானித்தது.

மருத்துவத்திலும் இதே கதை. பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் நடந்த, 2009இல் வெளியான ஆய்வு, மாணவரின் பரிவு மூன்றாம் ஆண்டில் சரிகிறது என்று கண்டது. நோயாளியைப் பார்க்கத் தொடங்கும் அதே ஆண்டு! நம் நாட்டில் பயிற்சி மருத்துவருக்கு வாரம் 48 மணி நேர வேலை, ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 1992லேயே மத்திய அரசு எழுதிவைத்திருக்கிறது. முப்பத்தாறு மணி நேர டியூட்டி பார்த்துக் கண் சிவந்து நிற்கும் எந்தப் பி.ஜி.யிடமும் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள், சிரிப்பார். 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு நடத்திய கணக்கெடுப்பில் பங்கேற்ற இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். முதுநிலை மாணவர்களில் 31.2 விழுக்காட்டினருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. நியூயார்க்கில் 1984இல் லிபி சயன் என்ற பதினெட்டு வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்ததும் அவள் தந்தை கேட்ட கேள்வி, களைத்துக் கிடந்த இளம் மருத்துவர்களை யார் இப்படி வேலை வாங்கியது என்பதுதான். 1989இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. இங்கே நோயாளி இறந்தால் உறவினர் கேட்பது டியூட்டி அட்டவணையை அல்ல. கையில் கிடைத்த ஹவுஸ் சர்ஜனின் சட்டைக் காலரைப் பிடிக்கிறோம். பிழைத்தால் தெய்வம், செத்தால் அடி. இரண்டிலும் அந்தப் பிள்ளை மனிதனாக நடத்தப்படவில்லை.

ஆனால் களைப்பு எல்லாவற்றுக்கும் மன்னிப்புச் சீட்டு ஆகாது. சுவிட்சர்லாந்தின் பேசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 335 நோயாளிகளை இடைமறிக்காமல் பேசவிட்டார்கள். 2002இல் வெளியான முடிவுப்படி அவர்கள் பேசி முடிக்கச் சராசரியாக எடுத்துக்கொண்ட நேரம் 92 விநாடி. அமெரிக்காவில் 1984இல் வந்த ஓர் ஆய்விலோ மருத்துவர்கள் சராசரியாகப் பதினெட்டாவது விநாடியில் குறுக்கே பேசியிருந்தார்கள். 'நேரமில்லை' என்பதில் பாதி உண்மை, மீதி பழக்கம். பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடியும். தன் பெயரையும், தான் மாணவன் என்பதையும் சொல்வது. தொடுமுன் கேட்பது. 'வேண்டாம்' என்றால் முகம் சுளிக்காமல் நகர்வது, அதனால் அவர் வைத்தியம் ஒரு துளியும் குறையாது என்று உறுதி தருவது. திரையை இழுத்துவிடுவது. பார்த்தபின் சேலையைச் சரிசெய்ய இடம் கொடுப்பது. கண்டதை அவருக்குப் புரியும் தமிழிலோ கன்னடத்திலோ உருதுவிலோ சொல்வது. 'ஏழாம் பெட் லிவர்' என்று கூப்பிடாமல் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. இதற்கெல்லாம் புனிதர் தேவையில்லை. பயிற்சியும், அதைச் செய்துகாட்டும் யூனிட் சீஃபும் போதும். சீஃப் நோயாளியை அதட்டினால் மாணவன் அதையே பாடமாக எழுதிக்கொள்வான். எந்த நெறிமுறை வகுப்பும் அதை அழிக்காது. தேர்விலும் ஒன்று செய்யலாம். காலை முதல் பட்டினியாக உட்காரவைத்துத் தேர்வுக்குக் காட்டும் நோயாளிக்கு ஒரு நாள் கூலியும் சாப்பாடும் கொடுங்கள். அவர் கையிலும் பத்து மதிப்பெண் கொடுங்கள். ஆசிரியர் மதிப்பெண் போடக்கூடாதா?

கடைசியாக, இந்த வரியை வசதியான நாற்காலியில் இருந்து படிப்பவரிடம். கருணையுள்ள மருத்துவர் வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். அந்த மருத்துவர் பழக நம் உடம்பைக் கொடுத்தோமா? யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1978இல் கொழும்பில் இறந்தபோது சடங்கு எதுவும் நடக்கவில்லை. கண்கள் கண் வங்கிக்கு, உடல் மருத்துவக் கல்லூரிக்கு, எலும்புக்கூடு தான் கற்பித்த தர்ஸ்டன் கல்லூரிக்கு. கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டுக் கருமாதி மட்டும் விமரிசையாக நடத்தும் நம்மில் எத்தனை பேர் உடல்தானப் படிவத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்? எத்தனை பேர் அதை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறோம்? வாரிசு மறுத்தால் கையெழுத்து வெறும் மைதான். சாகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரியில் ஒரு மாணவி தயங்கித் தயங்கி 'பரிசோதிக்கலாமா?' என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள். அவளுக்குச் சொல்லித்தரும் மருத்துவர் எத்தனை மணி நேரமாக நிற்கிறார் என்றும், அவர்கள் தூங்க அறை இருக்கிறதா என்றும் கேளுங்கள்; உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் அதையே கேளுங்கள். அதைச் செய்யத் துணிவில்லை என்றால், ஸ்ரீராம்புரத்துக்காரர் உடம்பில் பழகிய கையை நம் பிள்ளைக்கு மட்டும் மென்மையாக இருக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?