மிஞ்சிய இரண்டு கைகள்



சில ஆண்டுகளுக்கு முன்பு என் அப்பா பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கி வந்தார்கள். கூடவே ஆளுக்கொரு வசனமும் கொண்டு வந்தார்கள். "கர்த்தர் பார்த்துக்குவார் ஐயா, நீங்க சந்தோஷமா இருங்க" என்பார்கள். அப்பா மரியாதையாகத் தலையசைப்பார். அவர்கள் படியிறங்கியதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். விசுவாசம் இல்லாதவர் அல்லர் அவர். ஐம்பது ஆண்டுகள் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போனவர். ஆனாலும் 'சந்தோஷம்' என்ற அந்தச் சொல் அந்தக் கட்டிலருகே வந்ததும் வெற்றோசையாகிப் போனது.

அந்த நாள்களில் என்னை ஒரு கேள்வி விடாமல் அரித்தது. உபத்திரவத்திலும் மகிழ்ந்திருங்கள் என்று பவுல் அப்போஸ்தலர் எழுதினாரே, அப்படிச் சொல்ல அவருக்கு என்ன உரிமை?

விடை தேடிப் பிலிப்பியர் நிருபத்தைத் திரும்ப எடுத்தேன். நான்கே அதிகாரம், இருபது நிமிடத்தில் வாசித்து முடித்துவிடலாம். 'மகிழ்ச்சி நிருபம்' என்று நம் போதகர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அதை எழுதும்போது பவுல் விலங்கு பூட்டப்பட்ட கைதி. தீர்ப்பு வாழ்வா சாவா என்பதுகூட அவருக்குத் தெரியாது. இவ்வளவும் நாம் பிரசங்கங்களில் கேட்டதுதான். நான் கவனிக்காமல் விட்டிருந்தது வேறு. எப்பாப்பிரோதீத்து என்ற தோழர் நோயுற்றுச் சாகக் கிடந்ததை அதே நிருபத்தில் பவுல் எழுதுகிறார். அவர் இறந்திருந்தால் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று மறைக்காமல் சொல்கிறார். மூன்றாம் அதிகாரத்தில், கண்ணீரோடுதான் இதை எழுதுகிறேன் என்கிறார். மகிழ்ச்சி நிருபத்தின் தாளில் கண்ணீரும் விழுந்திருக்கிறது. அதை அவர் துடைத்து மறைக்கவில்லை. இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பிலிப்பி ஊரார் பவுலை அறிந்தவர்கள். அந்த ஊரில்தான் அவரையும் சீலாவையும் அடித்து, உட்காவலறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். முதுகுக் காயம் ஆறாத அந்த நடுராத்திரியில் இருவரும் பாடினார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று காவல் காத்தவன் விடிவதற்குள் பவுல், சீலா இருவருடைய காயங்களையும் கழுவித் தன் வீட்டில் சோறு போட்டான். இந்தக் கடிதம் பிலிப்பி சபையில் வாசிக்கப்பட்டபோது அந்தக் காவல்காரனும் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டிருக்கக்கூடும். அவனுக்கு 'மகிழ்ந்திருங்கள்' என்ற வார்த்தை வெற்று உபதேசமாகப் பட்டிருக்காது. சொல்கிறவரின் முதுகை அவன் பார்த்திருக்கிறானே!

அப்படிச் சொல்ல உரிமை பெற்ற ஒருவர் நமக்கு வெகு அருகே, வேலூரில் வாழ்ந்திருக்கிறார்.

டாக்டர் மேரி வர்கீஸ் 1925இல் கொச்சியில் வசதியான சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1954ஆம் ஆண்டு ஜனவரி கடைசியில் தோழர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி சாலையில் கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான காயம். முதுகுத்தண்டு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வும் போயிற்று, அசைவும் போயிற்று. வயது இருபத்தெட்டு.

அவர் மறுநாளே எழுந்து ஸ்தோத்திரம் பாடினார் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படி நடக்கவில்லை. அறுவை, வலி, படுக்கைப் புண் பயம், யாரையும் பார்க்கப் பிடிக்காத நாள்கள் என்று மாதங்கள் போயின. சாட்சி சொல்லும்போது நாம் இந்த மாதங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். தாண்டக்கூடாது என்பது என் எண்ணம். இன்று காலை வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் சரியாக அந்த மாதங்களில்தான் இருப்பார்.

அப்போது சி.எம்.சி.யில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்தவர் பால் பிராண்ட். 1914இல் நம் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த முடியும் என்று செய்து காட்டியவர். அவர் மேரியிடம் வந்து, தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்றார். கால் வேண்டாம், இரண்டு கைகள் போதும் என்பதுதான் அவர் சொன்னதன் பொருள். மேரிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு சக்கர நாற்காலியில் அறுவை அரங்குக்குள் போனார்.

அந்தச் சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழுநோய் நரம்பைத் தாக்கும்போது உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் பறவை நகம்போல் வளைந்துவிடும். கவளம் எடுக்க முடியாது, பேனா பிடிக்க முடியாது. செத்த தசைக்கு உயிர் கொடுக்க எந்த மருத்துவராலும் ஆகாது. ஆனால் முன்கையில் நல்ல தசைகள் மிச்சமிருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து, அதன் தசைநாணை நீட்டி, நான்கு இழைகளாக்கி, நான்கு விரல்களிலும் கொண்டுபோய் இணைப்பார்கள். சில வாரம் மாவுக்கட்டு. அதன்பின் நோயாளி புதிதாகப் பழக வேண்டும். நேற்றுவரை மணிக்கட்டை அசைத்த தசை இன்று விரலை அசைக்க வேண்டும். மூளைக்கு அது புரிய நாளாகும். பொறுமையாகப் பழகினால் ஒருநாள் விரல் நிமிரும்.

புதிய தசை எதுவும் வெளியிலிருந்து வருவதில்லை, பாருங்கள். இருப்பதற்கு வேறொரு வேலை கிடைக்கிறது. அந்த அறுவையைச் செய்த டாக்டர் மேரிக்கும் ஆண்டவர் அதைத்தான் செய்தார் என்று நான் நம்புகிறேன். கால்களைத் திருப்பித் தாரும் என்று அவர் எத்தனை முறை ஜெபித்திருப்பார்! அந்த ஜெபத்துக்கு அவர் கேட்ட பதில் வரவில்லை. மிஞ்சியிருந்த கைகளுக்கு ஒரு வேலை வந்தது. அவர் நிமிர்த்திய விரல்களால் யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பிறகு தன் சோற்றைத் தானே பிசைந்து உண்டபோது, அதைப் பார்த்த டாக்டர் மேரிக்கு ஒரு மகிழ்ச்சி வந்திருக்கும். நடந்துகொண்டிருந்த காலத்தில் அவர் அறிந்திராத மகிழ்ச்சியாக அது இருந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. தொழுநோயால் நரம்பு கெட்டவருக்குக் கையிலும் காலிலும் உணர்வு போய்விடும். சுட்டாலும் தெரியாது, முள் தைத்தாலும் தெரியாது. அதனால்தான் புண்கள் வருகின்றன. டாக்டர் மேரிக்கும் இடுப்புக்குக் கீழே அதே நிலைதான். உணர்வற்ற உடம்பைக் கண்ணால் பார்த்துக் காக்க வேண்டிய பாடு இருவருக்கும் பொது. தொழுநோய் வார்டில் ஊரும் உறவும் ஒதுக்கிய மனிதர்கள் படுத்திருந்தார்கள். அவர்கள் நடுவே அந்தச் சக்கர நாற்காலி உருண்டு வந்தபோது, வந்தவர் தங்களில் ஒருவர் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனார். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் அங்கே தாங்களே உடுத்தி, தாங்களே வண்டியோட்டி வாழ்வதைக் கண்டார், தானும் பழகினார். அங்கிருந்து திரும்பியவர், மறுவாழ்வு மருத்துவம் படிக்க நியூயார்க்குக்குப் போய், ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் பயின்றார். வேலூருக்குத் திரும்பி, 1963இல் அதற்கென்று அமைந்த தனித் துறைக்குப் பொறுப்பேற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் அத்தகைய நிலையம் இந்தியாவிலேயே அதுதான் முதல். 1972இல் அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 1986இல் அவர் காலமானார். கடைசிவரை எழுந்து நடக்கவில்லை. இன்று அந்த நிலையம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. மரத்திலிருந்து விழுந்தவர்களும் சாலை விபத்தில் அடிபட்டவர்களும் அங்கே சக்கர நாற்காலியை உருட்டப் பழகுகிறார்கள்.

என் அப்பாவின் கதைக்கு வருகிறேன். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வலது பக்கம் முழுவதும் செயலிழந்திருந்தது, ஆனால் பேச்சு ஓரளவு திரும்பியிருந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், தபால்காரராக வேலை பார்த்தவர். வந்தவர்களில் வசனம் சொல்லாதவர் அவர் ஒருவர்தான். ஒருநாள் மாலை பேத்தியைக் கையில் பிடித்து அழைத்து வந்தார். "அண்ணே, இவளுக்குப் புணர்ச்சி விதி ஏற மாட்டேங்குது. பரீட்சை வருது. நீங்கதான் சொல்லிக்கொடுக்கணும்" என்றார்.

அப்பா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார்.

அந்தப் பெண் ஒவ்வொரு மாலையும் வந்தாள். வல்லினம் மிகும் இடத்தை அவள் தப்பாகச் சொல்ல, அப்பா கோணிய வாயோடு சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அன்றிரவு அவர் தாமாகவே ஜெபம் பண்ணச் சொன்னார். சுகம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை பரீட்சையில் தேற வேண்டும் என்று கேட்கச் சொன்னார். அப்பா முழுதாகக் குணமாகவில்லை, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். அந்த இரண்டு ஆண்டுகளும் எங்கள் வீடு இருண்டு கிடக்கவில்லை. கட்டிலைச் சுற்றி மூன்று நான்கு பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

நேயர்களே, உங்கள் தெருவிலும் படுக்கையில் ஒருவர் இருப்பார், அல்லது நாற்காலியை விட்டு எழ முடியாத ஒருவர் இருப்பார். இன்று மாலை போய்ப் பாருங்கள். பழம் வாங்கிப் போங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் போனதும் ஆறுதல் சொல்ல அவசரப்படாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவரால் இன்னும் எது முடியும் என்று பார்த்து, அவரிடம் ஓர் உதவி கேளுங்கள்.