அணைக்க உனக்கென்ன பயம்?

மாலை ஐந்து மணி. கல்லூரிப் பேருந்துகள் கிளம்பிவிட்டன. உன் ஆய்வகத்தில் 60 கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

யாருக்காக?

"அது சிஸ்டம் அட்மின் வேலை" என்கிறாயா? அவரைக் கேட்டால் ஹெச்.ஓ.டி. சொல்லவில்லை என்பார். ஹெச்.ஓ.டி. நிர்வாகத்தைக் கை காட்டுவார். நிர்வாகத்துக்கோ இப்படி ஒன்று நடப்பதே தெரியாது!

கணக்குப் போடு. பழைய மேசைக் கணினி ஒன்று சும்மா கிடக்கும்போதே 50 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள். 60 கணினி, 3,000 வாட். காலை 9 வரை 16 மணி நேரம்.

48 யூனிட்! ஒரே இரவில்!

தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். கிட்டத்தட்ட அதை உன் ஆய்வகம் இரண்டே இரவில் விழுங்கிவிடுகிறது.

பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கணினி தானே உறங்கும்படி வைக்கலாம். அதற்குக் காசு வேண்டாம். டெண்டர் வேண்டாம். பிறகு எது உன்னைத் தடுக்கிறது?

பயம்! "ஏதாவது ஆகிவிட்டால் என் தலையில் விழுமே" என்ற பயம். ஏதாவது ஆகட்டுமே! சரிசெய்யத் தெரியாதா உனக்கு?

அடுத்த சாக்கு என்ன? "எல்லாம் பழைய சிஸ்டம் சார், கண்டம் பண்ணிவிடலாம்."

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அந்தக் கணினிகளில் ஏறாது. அதனால் அவை செத்துவிட்டனவா? இல்லையே! ரேமைக் கூட்டு. எஸ்.எஸ்.டி. மாட்டு. லினக்ஸ் போடு. சி ஓடும், ஜாவா ஓடும், பைத்தான் ஓடும்!

ஒரு மடிக்கணினி தன் ஆயுளில் வெளிவிடும் கரிமத்தில் பாதிக்கு மேல், அது உன் மேசைக்கு வருமுன்பே வெளியாகிவிடுகிறது. சுரங்கத்தில், சிப் ஆலையில். இருப்பதை இன்னும் நாலு வருடம் உழைக்க வை! அதைவிடப் பெரிய பசுமைத் திட்டம் எந்த விற்பனையாளரிடமும் கிடையாது.

"லினக்ஸ் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை" என்கிறாயா? கேரளத்தைப் பார்! அரசுப் பள்ளிக் குழந்தைகள் அதில்தான் படிக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைக்கு முடிவது பொறியியல் மாணவருக்கு முடியாதா?

1991-ல் லினக்ஸை எழுதியபோது லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வயது 21. ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர்! உன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனின் வயது!

தோற்பாய். இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் வாரமே பிரிண்டர் மக்கர் செய்யும். ஆட்டோகேட் ஓடாது. "நான் அப்பவே சொன்னேன்" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு குரல் எழும்.

எழட்டும்! ஆட்டோகேட் வேண்டிய பத்துக் கணினியை அப்படியே விடு. மீதி 50 இருக்கிறதே! பிரிண்டருக்கு டிரைவர் தேடு. கிடைக்கவில்லையா? நாளையும் தேடு. ஒரு பிரிண்டரிடம் தோற்கவா இத்தனை படித்தாய்?

உண்மையிலேயே செத்த கணினிகளும் இருக்கும். அவற்றைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதே! அங்கிருந்து அவை எங்கெங்கோ போகும். கம்பியைக் கொளுத்திச் செம்பெடுப்பார்கள். போர்டை அமிலத்தில் ஊறப்போடுவார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர் உன் கல்லூரி வாசலைக்கூட மிதித்திராதவர்.

2022-ல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான்!

ஓராண்டில் 1,000 மின்கருவிகளாவது பயன்படுத்தும் நிறுவனம், பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கழிவைக் கொடுக்க வேண்டும் என்கின்றன நம் நாட்டின் 2022 விதிகள். உன் கல்லூரி அந்த வரம்புக்குள் வருமா? யாரிடம் கொடுக்கிறது? கேள்! எழுத்தில் கேள்!

அடுத்து சர்வர் அறைக்கு வா. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இன்னும் மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2012-ல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் ஒரே கணினி மையத்தைத் திறந்தன, நீர்மின்சாரம் கிடைக்கும் இடமாகப் பார்த்து. ஹார்வர்டே பங்கு போட்டுக்கொள்கிறது! உன் மூன்று துறைகளுக்கு மூன்று சர்வர் அறை, மூன்று ஏசி எதற்கு?

நாளைக்கே ஒரு சின்ன மின் மீட்டரை வாங்கு. ஒரு கணினியில் மாட்டு. ஒரு வாரம் அளந்து எழுது. அந்தத் தாளோடு முதல்வர் அறைக் கதவைத் தட்டு.

"பார்க்கலாம்" என்பார். திரும்பி வா. உன் ஆய்வகத்தில் மட்டும் செய். ஒரு மாதம் கழித்து மிச்சமான ரூபாயை எழுதிக்கொண்டு மறுபடியும் தட்டு!

மூன்றாம் முறை, "அடுத்த துறையில் எப்போது தொடங்கலாம்?" என்று அவர் கேட்கும் வரை தட்டு!